சாப்பாட்டுக் கடைக்குக் கடன்: அரசு பிணை நின்றால் யாருக்குப் பலன்?

யாழ்ப்பாணத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடையொன்றைப் பெரிதாக்க நினைக்கிறவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் குறைவில்லை. கனடாவில் இருக்கிற மாமா, "அரசாங்கம் பிணை நிற்கிற லோன் இருக்குமே, அதை எடு" என்பார். அம்மா சங்கிலியைக் கழற்றித் தருவார். பக்கத்துக் கடைக்காரர் லீசிங் கம்பனிக்காரரின் தொலைபேசி இலக்கத்தைத் தருவார். வங்கி மனேஜரிடம் போனால் அவருக்கு இரண்டே கேள்விதான்: "பிணைக்கு ஆர் நிக்கினம்? காணி உறுதி இருக்கோ?"

எது நல்லது என்று பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கடையை நடுவில் வைத்துப் பார்ப்பது சுலபம். கற்பனைக் கடைதான், ஆனால் இப்படிப்பட்ட கடைகள் ஊரில் நிறைய உண்டு. கொக்குவிலில் கணவனும் மனைவியும் நடத்துகிற பார்சல் கடை. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, பின்னேரம் கொத்து. மூன்று வருடமாக நட்டமில்லாமல் ஓடுகிறது. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, இருந்து சாப்பிடுகிற அளவுக்கு ஒரு வாடகைக் கட்டடம் கிடைத்திருக்கிறது. முற்பணம், மேசை கதிரை, பெரிய பிரீசர், புகைபோக்கி, குசினித் திருத்தம், முதல் இரண்டு மாதச் சம்பளம் என்று எல்லாமாக 20 இலட்சம் ரூபா தேவை. கையில் ஐந்தாறு பவுண் நகை இருக்கிறது. மனைவியின் பெயரில் சீதனக் காணி இருக்கிறது. இவர்கள் எந்தப் பக்கம் போவது?

உத்தரவாதம் யாருக்கு?

மாமா சொன்னதிலிருந்து தொடங்குவோம். அவர் சொல்வது அவர் இருக்கிற நாட்டுக்குச் சரி. கனடாவில் சிறு வணிகங்களுக்கான அரசுத் திட்டத்தில், கடன் கட்டப்படாமல் போனால் வங்கிக்கு வருகிற தகுதியான நட்டத்தில் 85 வீதத்தை அரசு ஏற்கிறது. பதிவுக் கட்டணம் கடனில் 2 வீதம். மாறும் வட்டி என்றால் வங்கி தன் முதன்மை வீதத்துக்கு (சிறந்த வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற வீதம்) மேல் 3 வீதம் வரைதான் போடலாம். அந்தத் திட்டத்தை அதிகம் பாவிக்கிற துறைகளில் உணவகத் துறை முன்னுக்கு நிற்கிறது. அமெரிக்காவிலும் இதேபோல ஒன்று உண்டு. அங்கே ஒன்றரை இலட்சம் டொலர் வரையான கடனுக்கு 85 வீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 75 வீதமும் அரசு பொறுப்பேற்கும். ஆனால் வியாபாரத்தில் 20 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைத்தான் மாமாமார் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஏனென்றால் இந்தத் திட்டங்கள் எந்த நாட்டில் என்றாலும் உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடன் எடுத்தவருக்கு அல்ல. ஒரு கணக்குப் பார்ப்போம். உத்தரவாதம் 70 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 இலட்சம் எடுத்து, 15 இலட்சம் மிச்சம் இருக்கும்போது கடை படுத்துவிட்டது. உத்தரவாத நிறுவனம் வங்கிக்குப் பத்தரை இலட்சம் கொடுக்கும். கடைக்காரர் தரவேண்டியது அப்போதும் 15 இலட்சம்தான். வங்கி அவரைத் துரத்தி அறவிடும், அறவிட்டதில் ஒரு பங்கு உத்தரவாதம் கொடுத்தவருக்குத் திரும்பப் போகும். அவரது பெயர் கிறிப் அறிக்கையில், அதாவது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், கறுப்புப் புள்ளியோடு நிற்கும். "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்ற நினைப்போடு இந்தக் கடனை எடுப்பவர் வேறு ஏதோ கடனை மனதில் வைத்திருக்கிறார்.

சரி, அப்படியென்றால் இதில் கடைக்காரருக்கு என்ன கிடைக்கிறது? ஈடு வைக்கக் காணியோ கட்டடமோ இல்லாதவரையும் வங்கி உள்ளே விடும். பலன் அது ஒன்றுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த ஒன்று பெரிய விஷயம். ஏன் என்று காணிப் பகுதியில் பார்ப்போம்.

இலங்கையில் இது முழுக்கப் புதிதுமல்ல. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது மத்திய வங்கி சௌபாக்யா மறுமலர்ச்சி வசதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்ட வியாபாரங்களுக்கு 4 வீத வட்டியில் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுக்கான கடன். அதன் ஒரு கட்டத்தில், வங்கிகள் சொந்தக் காசைக் கொடுக்க, நட்டத்தின் ஒரு பகுதிக்கு மத்திய வங்கி உத்தரவாதம் நின்றது. அது ஒரு அவசர கால ஏற்பாடு. நிரந்தரமான ஏற்பாடாக 2023இல் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் என்ற கம்பனி பதிவு செய்யப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவு அதற்கு உண்டு, அரசும் நிதி நிறுவனங்களும் அதில் பங்காளர்கள். கடைக்காரர் அந்த நிறுவனத்துக்கு நேரே போய் விண்ணப்பிக்கிறதில்லை. அதோடு சேர்ந்திருக்கிற வங்கிக்குப் போக வேண்டும். அந்த வங்கிதான் உங்கள் கடனை உத்தரவாதத்துக்குள் கொண்டுவருவதா இல்லையா என்று முடிவெடுக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அரசாங்கத்தின் பெயர் ஒட்டிய கடனெல்லாம் உத்தரவாதக் கடன் அல்ல. சிலதில் அரசு வட்டியின் ஒரு பகுதியைக் கட்டும், அது மானிய வட்டி. சிலதில் வங்கிக்குக் குறைந்த செலவில் காசு கொடுத்து உங்களுக்குக் கொடுக்கச் சொல்லும், அது மீள்நிதி. இந்த இரண்டிலும் வங்கி ஈடு கேட்கத்தான் செய்யும், ஏனென்றால் நட்டம் வந்தால் வங்கியின் தலையில்தான். அதேபோல இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அரச வங்கிகள் என்பதால் அங்கே எடுக்கிற கடன் தானாக அரச உத்தரவாதக் கடன் ஆகிவிடாது. கவுண்டரில் "அரசாங்கக் கடன் இருக்கா" என்று கேட்டால் அந்த மாதம் விளம்பரத்தில் இருக்கிற ஏதோவொன்றின் படிவத்தைத் தருவார்கள். "ஈடில்லாமல், கடன் உத்தரவாதத்தின் கீழ் தருகிற திட்டம் உங்கள் கிளையில் நடக்கிறதா" என்று கேளுங்கள்.

உத்தரவாதம் சும்மா வருவதுமில்லை. அதற்குக் கட்டணம் உண்டு, அதை வங்கி தான் ஏற்குமா உங்கள் தலையில் வைக்குமா என்பது கேட்டறிய வேண்டிய விஷயம். உதாரணமாக உத்தரவாதம் பெற்ற 14 இலட்சத்துக்கு வருடம் 1 வீதம் என்றால் 14,000 ரூபா. பெரிய தொகை அல்ல. காணியை ஈடு வைப்பதற்கு மதிப்பீட்டாளர், சட்டத்தரணி, ஈட்டு உறுதி, பதிவு என்று போகிற செலவோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை.

ஈடு இல்லாததால் வங்கி மற்ற எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் பார்க்கும். வியாபாரப் பதிவு, உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, வரி இலக்கம், கிறிப் அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக வங்கிக் கணக்கின் வரவு செலவு. நம்முடைய கடைகள் அதிகம் சறுக்குவது இந்தக் கடைசியில்தான். நாளுக்கு 40,000 ரூபாவுக்கு விற்கிற கடை, கல்லாவிலிருந்தே மரக்கறிக்காரருக்கும் இறைச்சிக்காரருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சீட்டுக் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் 30,000 ரூபாவை வங்கியில் போடும். வங்கியின் கண்ணுக்கு அது மாதம் 30,000 ரூபா வருகிற கடை. வரிக்குப் பயந்து மறைத்த வியாபாரத்தைக் கடனுக்காகத் திடீரென்று காட்ட முடியாது. ஒரு வருடமாவது விற்பனையைக் கணக்கில் போட்டு எடுத்திருக்க வேண்டும்.

எனவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த வழி பெரும்பாலும் திறக்காது. கொக்குவில் தம்பதிக்குத் திறக்கலாம், மூன்று வருட ஓட்டம் கணக்கில் தெரிந்தால்.

சீதனக் காணியை ஈடு வைத்தால்

வங்கிக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். வட்டியும் ஓரளவு குறையும், தொகையும் கூடும். ஆனால் யாழ்ப்பாணக் காணி என்பது தனிக் கதை.

முதலில் பெயர். கடை கணவன் பெயரில் பதிவாகியிருக்கும், காணி மனைவி பெயரில் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சொத்து அவளுடையது, ஆனால் கையெழுத்து இரண்டு. கணவன் பக்கத்தில் இருந்தால் பிரச்சினையில்லை. தனியாகக் கடை நடத்துகிற பெண்கள் வடக்கில் எத்தனையோ பேர். கணவன் காணாமல் போயிருப்பார், பிரிந்து போயிருப்பார், வெளிநாட்டில் தொடர்பில்லாமல் இருப்பார். அவர்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். 2020களில் ஒரு பெண் தன் காணியைக் கொண்டு அடுப்பு வாங்க 1911இன் சட்டத்தைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்தது உறுதி. போரில் இடம்பெயர்ந்தபோது தொலைந்த உறுதிகள், பெரியப்பாவும் அத்தையும் பங்காளிகளாக இருக்கிற பிரிபடாத காணி, அதில் ஒரு பங்காளி பாரிசில், இன்னொருவர் மெல்பேணில். ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) எடுத்து வருவதற்குள் திருநெல்வேலிக் கட்டடத்தை வேறொருவர் எடுத்திருப்பார். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடுவார். இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். காணி பெறுமதியானது என்பதும் வங்கிக்கு ஏற்றது என்பதும் இரண்டு வேறு விஷயங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி இருக்கிறது. குடியிருக்கிற வீட்டுக் காணியை ஒரு சாப்பாட்டுக் கடைக்காக வைக்கலாமா? 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே அதிகாரத்தைக் கொடுத்தது. நீதிமன்றம் போகாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் அதிகாரம் அது. கடன் நெருக்கடியில் சிறு, நடுத்தர வியாபாரிகள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு அந்த அதிகாரத்தைப் பாவிக்க முடியாதபடி ஏற்கெனவே ஒரு திருத்தம் இருக்கிறது. ஆகவே 20 இலட்சக் கடனுக்கு நாளைக்கே ஏல அறிவித்தல் வந்துவிடாது, வங்கி வழக்குப் போட வேண்டும். வழக்கு முடிவில் காணி போகாது என்று இதற்கு அர்த்தமில்லை.

என் அபிப்பிராயத்தில், சீதனக் காணியை ஈடு வைப்பது இரண்டாவது கடைக்கு அல்ல, சொந்தக் கட்டடத்துக்குப் பொருத்தமானது. வாடகைக் கட்டடத்தில் செய்கிற குசினித் திருத்தம், நிலத்தில் பதித்த டைல்ஸ், புகைபோக்கிக் குழாய் எல்லாம் கட்டடக்காரருக்கே சேரும். அதற்காக நிரந்தரச் சொத்தைப் பணயம் வைப்பது கணக்கில் ஒட்டவில்லை.

நகை, லீசிங், சங்கம்

நகை அடகு வேகமானது. அடையாள அட்டையோடு போனால் அன்றைக்கே காசு. வியாபாரப் பதிவு வேண்டாம், கணக்கு வேண்டாம், யாரும் பிணை நிற்க வேண்டாம். தங்கம் விலை ஏறியிருக்கிற காலத்தில் ஒரு பவுணுக்குக் கிடைக்கிற முற்பணமும் கூடியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு வருடத் தவணை. வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். மாதத் தவணை இல்லை என்பது சாப்பாட்டுக் கடைக்கு உண்மையிலேயே பெரிய வசதி. நல்ல மாதத்தில் கொஞ்சம் கட்டலாம், மோசமான மாதத்தில் சும்மா இருக்கலாம்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். கட்டச் சொல்லி யாரும் மாதாமாதம் நெருக்காததால் வட்டி சேர்ந்துகொண்டே போகும். வருடக் கடைசியில் புதுப்பிக்கக் காசில்லாமல், ஒன்றை மீட்க இன்னொன்றை வைத்து, கடைசியில் ஏலக் கடிதம் வரும். குறுகிய தேவைக்கு, அதாவது ஆறு மாதத்தில் திரும்பி வரப்போகிற காசுக்கு நகை நல்லது. முற்பணம், முதல் மாதச் சாமான், சீசனுக்கு முன் வாங்கி வைக்கிற அரிசி, எண்ணெய் போன்றவற்றுக்கு. ஐந்து வருடம் உழைக்கப்போகிற பிரீசருக்கு நகையை வைக்காதீர்கள். நகை மனைவியின் கழுத்தில் இருந்து வந்தது என்றால் அவரையும் கேட்டு முடிவெடுங்கள், கடையில் பாதி வேலை அவர்தான் செய்கிறார்.

லீசிங் பொருளுக்கு மட்டும். பிரீசர், அவண், மாவரைக்கிற இயந்திரம், விநியோகத்துக்கு முச்சக்கரவண்டி. பொருள் கம்பனியின் பெயரில் இருக்கும், கட்டி முடித்த பிறகு உங்களுடையது. கட்டாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், காணி வீடு தப்பும். அந்த அளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் வட்டியைச் சொல்கிற விதத்தில் கவனம் வேண்டும். 20 இலட்சத்தை 12 வீதத்துக்கு ஐந்து வருடத்தில் குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போட்டுக் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 44,500 ரூபா. அதே 12 வீதத்தை முழுத் தொகைக்கும் ஐந்து வருடத்துக்கும் தட்டையாகப் போட்டால் மாதம் 53,300 ரூபா, உண்மையான வட்டி 20 வீதத்துக்குக் கிட்ட. இரண்டு தாளிலும் 12 என்றுதான் எழுதியிருக்கும். வீதத்தைக் கேட்காமல், "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்" என்று கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களை இப்போது இளம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூளாயில் ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக நடத்திய மாவட்டம் இது. சிக்கன கடனுதவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருந்து, சேமித்து, இரண்டு அங்கத்தவர்கள் பிணை நின்றால் கடன் எடுக்கலாம். தொகை சின்னது, 20 இலட்சத்தைச் சங்கத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சங்கத்தில் இருக்கிறவர்களுக்கு உங்கள் கடையில் எத்தனை மணிக்குக் கொத்து முடிகிறது என்பதுகூடத் தெரியும். வங்கிக் கணக்கில் தெரியாத வியாபாரம் அவர்களுக்குத் தெரியும். முதல் கடை தொடங்குகிறவருக்கு, மற்ற எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது, இது திறந்திருக்கிற கதவு. ஒரே சிக்கல், முன்கூட்டியே அங்கத்தவராக இருக்க வேண்டும். தேவை வந்த பிறகு சேர்ந்தால் பிந்திவிட்டது.

வெளிநாட்டு உறவினரின் காசு வட்டியில்லாதது போலத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பாதிக் கடைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒருவரும் பேசுவதில்லை. மூன்று வருடம் கழித்து மாமா ஆவணி லீவில் வந்து கல்லாப் பக்கம் கதிரையைப் போட்டு உட்காரும்போதுதான் அது பங்கு என்று தெரியவரும். வாங்குவதென்றால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் கணக்குக்கும் அது நல்லது.

நுண்நிதிக் குழுக் கடனையும், நாளுக்கு நாள் ஏறுகிற மீற்றர் வட்டியையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் எந்த அளவுக்கு அதில் மாட்டினார்கள் என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை அரசாங்கமே தலையிட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வாராவாரம் கட்டுகிற கடன் சாப்பாட்டுக் கடைக்கு ஆகாது.

தவணையும் திருவிழாவும்

எந்தக் கடன் என்று பார்க்கிற அதே நேரத்தில் எப்படிக் கட்டுவது என்றும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் வட்டி வீதத்தைவிட இதுதான் கடையைக் காப்பாற்றும் அல்லது கவிழ்க்கும்.

44,500 ரூபாத் தவணையை மாதம் 26 நாள் திறக்கிற கடை நாளுக்கு 1,700 ரூபா சொச்சமாக உழைக்க வேண்டும். ஒரு கொத்துப் பார்சலில் எல்லாச் செலவும் போக 150 ரூபா மிஞ்சுகிறது என்றால், வங்கிக்கு மட்டும் நாளுக்கு 12 பார்சல். கேட்க அதிகமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊரில் பாதி வீடு சைவம். இறைச்சிக் கொத்தை நம்பி இருக்கிற கடைக்கு அது ஏறக்குறைய ஒரு மாத மந்தம், சைவக் கடைக்கு அதுவே அறுவடை. வெள்ளிக்கிழமைகளும் கந்தசஷ்டியும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்னேர வியாபாரம் படுக்கும். திருநெல்வேலிக் கடைக்கு இன்னொன்றும் உண்டு: பல்கலைக்கழகம் பூட்டினால் கடையும் பூட்டின மாதிரி. பரீட்சை முடிந்து பெடியள் ஊருக்குப் போகிற வாரங்களை வாடகைக்குக் கையெழுத்து வைக்க முதலே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே சலுகைக் காலம் கேளுங்கள். முதல் ஆறு மாதம் வட்டி மட்டும், பிறகு முதலும் வட்டியும் என்று. உத்தரவாதத் திட்டத்தின் கீழ் வருகிற கடனிலும் ஈட்டுக் கடனிலும் இதைப் பேசிப் பெறலாம். லீசிங்கில் பொதுவாகக் கிடைக்காது. நகையில் தேவையே இல்லை.

பிறகு மாறும் வட்டி. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற முதன்மை வீதமே அந்த வருடக் கடைசியில் 25 வீதத்தைத் தாண்டியது. 2024இல் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது தாளில் தெரிகிற வீதம் அழகாக இருக்கிறது. ஆனால் நமது 20 இலட்சம் 12 வீதத்தில் மாதம் 44,500 என்றால் 25 வீதத்தில் 58,700. காஸ் வரிசையில் நின்று, விறகுக்கு மாறி, பாணுக்கு மா இல்லாமல் இருந்த அதே வருடத்தில்தான் தவணையும் ஏறியது. முதல் இரண்டு வருடத்துக்காவது நிலையான வீதம் தருவதாக ஒரு வங்கி சொன்னால், அரை வீதம் கூட இருந்தாலும் நான் அதையே எடுப்பேன்.

வாடகை ஒப்பந்தத்தின் காலத்தையும் கடன் காலத்தோடு வைத்துப் பாருங்கள். ஐந்து வருடக் கடனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் என்றால், மூன்றாம் வருடம் கட்டடக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கினால் உங்களுக்குப் போக்கிடம் இல்லை. வங்கிகளும் இப்போது இதைக் கேட்கின்றன, கேட்பதும் நியாயம்.

கொக்குவில் கடைக்கு என் கணக்கு

20 இலட்சத்தை ஒரே இடத்தில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் என் முதல் பதில். பிரீசரும் புகைபோக்கியும் சேர்ந்து 6 இலட்சம் என்றால் அந்த இரண்டுக்கும் லீசிங் விலையையும் வங்கிக் கடன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். லீசிங் தட்டை வட்டியாக இருந்தால் விட்டுவிடுவேன். முற்பணத்துக்கும் முதல் சாமானுக்கும் ஒரு 4 இலட்சத்தை நகையில் எடுத்து, முதல் நல்ல சீசனில் மீட்பேன். மிச்சம் 10 முதல் 16 இலட்சத்துக்கு உத்தரவாதத்தின் கீழ் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பேன், ஆறு மாதச் சலுகைக் காலத்தோடு. சீதனக் காணியைத் தொடமாட்டேன். வங்கி "காணியையும் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால், உத்தரவாதமும் வேண்டும் காணியும் வேண்டும் என்றால் உத்தரவாதம் எதற்கு என்று கேட்டுவிட்டு அடுத்த வங்கிக்குப் போவேன். ஒரு கிளை மறுத்ததை இன்னொரு கிளை கொடுப்பது சாதாரணம்.

இதே கடை மூன்று வருடமாக இல்லாமல் மூன்று மாதமாக ஓடுகிறது என்றால் பதில் வேறு. அப்போது சங்கக் கடனும் நகையும் சேர்த்துச் சின்னதாகத் தொடங்கி, விற்பனை முழுவதையும் வங்கியில் போட்டு எடுத்து, திருநெல்வேலியை ஒரு வருடம் தள்ளிப் போடுவேன். சொந்தக் கட்டடம், தெளிவான உறுதி, இரண்டு கையெழுத்தும் தயார் என்றால் ஈட்டுக் கடன்தான் குறைந்த செலவில் முடியும், உத்தரவாதத்துக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

கையெழுத்து வைக்க முதல் வங்கியில் கேட்க வேண்டியவை: உத்தரவாதக் கட்டணம் யாருடையது, வருடா வருடமா ஒரே தரமா, கணவன் மனைவி இருவரும் தனிப்பட்ட பிணை நிற்க வேண்டுமா, முன்கூட்டிக் கட்டி முடித்தால் தண்டம் உண்டா, தவணை பிந்தினால் எத்தனை நாளில் கிறிப்புக்குப் போகும். பதிலை எழுத்தில் வாங்குங்கள், மனேஜர்மார் மாற்றலாகிப் போவார்கள்.

ஆவணிக்கு முன் கடையைத் திறக்க வேண்டும் என்றால் காசு வைகாசிக்குள் கைக்கு வர வேண்டும். ஈடில்லாத கடனுக்கு ஆவணங்கள் போய், வந்து, திரும்பக் கேட்டு, ஒரு சில மாதம் ஓடிவிடும். மாசியிலேயே உங்கள் கிறிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எப்போதோ மச்சானுக்குப் பிணை நின்ற மோட்டார் சைக்கிள் லீசிங் அதில் கட்டாமல் கிடந்தால், அதைத் தீர்த்துப் பதிவைத் திருத்துவதற்கு அந்த மூன்று மாதமும் தேவைப்படும்.